இரண்டு பொட்டலம் செவ்வரளி

ஜூன் 15, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாளைக்கு அம்மனை ஏமாற்றப் போகிறேன்.

குலதெய்வக் கோயிலில் பூக்கேட்க இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னார்கள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, போர்வெல் போடுகிற ரிக் லாரி வாங்குவது எல்லாம் இப்படித்தான். நான் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்து, வாழையிலையில் மடித்து, என் தையல் கடையிலிருந்து மெரூன் நூல் எடுத்து வந்து கட்டிவிட்டேன். முடிச்சு பிரமாதமாக வந்திருக்கிறது. மோசடி என்றாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா.

கேள்வி என் மகள் மிருதுளாவைப் பற்றியது. போன வருடம் அவளை மெல்போர்னுக்குப் படிக்க அனுப்பினோம். ஏர்போர்ட்டில் வைத்து, "படிப்பு முடிஞ்சா நேரா வீட்டுக்கு வரோணும். நடுவுல எந்த நாட்டுலயும் எறங்கக் கூடாது, டீ குடிக்கக்கூட" என்று சத்தியம் வாங்கினேன். இப்போது லண்டனில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் தருகிறதாம். ஃபைனான்ஸ் வேலைக்குப் போவதென்றால் லண்டன்தான் தாய்வீடாம். அங்கே மாற்றிக்கொண்டு போகவா என்று கேட்கிறாள்.

ஃபைனான்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது என் வீட்டுக்காரர் குழந்தைவேலு நடத்துவதுதான். லாரிக்குக் கடன் கொடுப்பார். தவணை வராவிட்டால் ஆளோடு போய்ச் சாவியைப் பிடுங்கி வருவார். லண்டனில் இரண்டு மாடி பஸ்ஸெல்லாம் இருக்கிறதே, என் மகள் எந்த மாடியில் ஏறிச் சாவியைப் பிடுங்குவாள் என்று கேட்டேன். அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

குளிர், செலவு, படித்த பாடம் வீணாகும் என்று ஊருக்கு மூன்று காரணம் சொல்லி வைத்திருக்கிறேன். நிஜக் காரணத்தை இங்கே எழுதலாம், இவர் இதைப் படிக்க மாட்டார். லண்டனில் நவநீதன் இருக்கிறான். என் நங்கை சிந்தாமணியின் மகன். அதாவது வீட்டுக்காரரின் அக்கா மகன், மிருதுளாவுக்கு முறை மாப்பிள்ளை. பையன் தங்கம். தாயார்தான் சிக்கல். என் மகள் நங்கைக்கு மருமகளாகி, காலம் முழுக்க நான் அந்த வீட்டுப் படியேறி "நல்லாருக்கீங்ளா" என்று கேட்டு நிற்க வேண்டும் என்று நினைத்தாலே தையல் கோணுகிறது.

பகைக்குக் காரணம் ஒரு ஜாக்கெட். புதிதாகக் கடை போட்ட காலத்தில் நங்கைக்குப் பட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். கல்யாணத்தில் அட்சதை போடக் கையைத் தூக்கினார். அக்குளில் தையல் விட்டது. மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வீடியோவில் இருக்கிறது.

பூக்கேட்கலாம் என்று யோசனை சொன்னது வீட்டுக்காரர். "நீயும் நானும் எதுக்குப் புள்ள பேசிக்கிட்டு. அம்மன் சொல்லட்டும்" என்றார். கோயில் வாசலில் வண்டியை மட்டும் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போகிற மனிதருக்குத் திடீரென்று பக்தி. வயதானால் எல்லாரும் வழிக்கு வருவார்கள்.

ஜூன் 16, திங்கள்

வெள்ளை.

எப்படி என்று கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கோயிலுக்கு நங்கையும் வந்திருந்தார், அழைக்காமல். பொட்டலம் வைத்த பை வீட்டுக்காரரிடம் இருந்தது. "நீ காலைக் கழுவிட்டு வா, நான் கொண்டு போறேன்" என்றார். திரும்பி வந்தபோது பொட்டலங்கள் அம்மன் காலடியில் இருந்தன. பூசாரி கண்ணை மூடினார், எடுத்தார், பிரித்தார். நந்தியாவட்டை பளிச்சென்று சிரித்தது.

நான் அம்மனைப் பார்த்தேன். அம்மனும் என்னைத்தான் பார்த்தாள். நான்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினேன்.

"பாத்தியா ருக்குமணி, ஆத்தா வாய் தொறந்து சொல்லிப்போட்டா" என்றார் நங்கை. "லண்டன்ல நம்ம நவநீதன் இருக்கறான். என்ன கவலை உனக்கு?"

அந்தக் கவலைதான். வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி. இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போய்க் கோயில் கிணற்றில் போட்டார். அதுதான் முறையாம்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மனுக்கு அரைக்கிலோ எண்ணெய் வேண்டிக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம் முட்டிவலி என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மிருதுளா வீடியோவில் வந்தாள். நமக்கு ராத்திரி தோசை ஊற்றுகிற நேரம். அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும், ஆஸ்திரேலியாவில் நமக்கு முன்னாலேயே விடிந்து முன்னாலேயே இருட்டிவிடும். அந்த நேரத்திலும் முகத்தில் வெளிச்சம் பளபளவென்று அடித்தது. பின்னால் ஜன்னல் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"என்ன கண்ணு, இந்நேரத்துக்கு இத்தனை வெளிச்சம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஹாஸ்டல்ல பெரிய லைட்டு போட்டிருக்கறாங்க. படிக்கற புள்ளைக."

நம் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றனவே. ஒரு டியூப் லைட் போனால் ஆண்டுவிழாவுக்குத்தான் மாற்றுகிறார்கள்.

கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே இது குளிர்காலம். நமக்கு வெயில் என்றால் அவர்களுக்குக் குளிர், நமக்குக் குளிர் என்றால் அவர்களுக்கு வெயில். இதைக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் நான்தான் விளக்குகிறேன், இப்போது ஊரில் பாதிப் பேருக்கு என்னால்தான் தெரியும். "ஸ்வெட்டர் எங்க?" என்று அதட்டினேன்.

"வேர்க்குதும்மா."

"குளிர்காலத்துல வேர்க்குதா? காய்ச்சலாடி?"

"ஹீட்டர்ம்மா. ஹீட்டரக் கூட்டி வச்சிருக்கேன்."

ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு அதற்கு ஐஸ் சாப்பிடுகிறாள். அப்பா சம்பாத்தியம். திட்டினேன். பூ விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அம்மன் சொன்னது போதுமாம்மா? நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள். தோசை கருகுகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். தோசை கருகவில்லை.

ஜூன் 21, சனி

இந்த ஊரில் எனக்குத் தெரியாமல் ஒரு ஊக்கு கழன்றதில்லை. யார் வீட்டில் யார் இளைத்தார், யார் பருத்தார், ஏன் என்பது வரை அளவு நாடா சொல்லிவிடும். அப்படிப்பட்ட என் பொட்டலத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். எண்ணெய் வேண்டிய பிறகுதான் மூளை வேலை செய்தது. அம்மன் மாற்றியிருந்தால் என்னை ஒரு வாரத்தில் படுக்க வைத்திருப்பாள். எனக்குப் பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது. ஆக, இது மனித வேலை.

முதல் சந்தேகம் நங்கை மேல். விசாரிக்க வேண்டும் என்று, ஓசியில் ஒரு ஜாக்கெட் தைத்துத் தருகிறேன், அளவு கொடுங்க என்று போன் செய்தேன். பழைய ஞாபகத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வந்தார்.

"நங்கை, அன்னைக்குக் கோயில்ல பையை நீங்க தொட்டீங்ளா?"

"எந்தப் பை?"

"பூப்பை."

"நான் எதுக்கு உன்ற பையத் தொடறேன்? என்ன காணாமப் போச்சு?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். என்ன காணாமல் போயிற்று என்று சொன்னால், என்ன வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். "ஒரு ஊசிங்க" என்றேன்.

"பூப்பையில ஊசியா? பூசாரி கையில குத்தியிருந்தா?" என்று அரைமணி நேரம் எனக்குப் புத்தி சொன்னார். அளவு எடுக்க நாடாவை நீட்டினால் நவநீதனைப் பற்றிப் பேசினார். பையன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து லண்டனை விட்டு எங்கேயும் நகர்வதில்லையாம், பாரிஸ் பக்கத்திலேயே இருக்கிறதாம், அதைக்கூட எட்டிப் பார்க்கவில்லையாம். "லீவு கெடச்சா நேரா நம்மூருதான். வேற நாட்டு மண்ணு அவங்காலுக்கு ஆவாது" என்றார். அக்குளில் தாராளமாக விட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

முடிச்சு.

இத்தனை நாள் பூவையே நினைத்துக்கொண்டிருந்தேன், முடிச்சை நினைக்கவில்லை. பூசாரி பிரித்த பொட்டலத்தில் கட்டியிருந்தது மெரூன் நூல்தான். ஆனால் நான் போடுவது தையல்காரி முடிச்சு, இழுத்தால் இறுகும், பல்லால்தான் கடிக்க வேண்டும். பூசாரி ஒரு நுனியை இழுத்ததும் பொலபொலவென்று அவிழ்ந்ததே.

இன்றைக்கு அலமாரி துடைக்கும்போது, பிடித்து வந்த லாரிகளின் சாவிக்கொத்து தொங்கியது. ஒவ்வொன்றிலும் வண்டி நம்பர் அட்டை. அட்டையைக் கட்டியிருப்பது ஒரு காது விட்டு, நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. தவணை கட்டியவன் வந்து நிற்கும்போது சட்டென்று அவிழ்க்க வசதியாக வீட்டுக்காரரே கண்டுபிடித்தது. இந்த ஜில்லாவில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள்.

ஜூன் 23, திங்கள்

இரவு சோறு போடும்போது ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, சாமி வாக்குன்னா சாமி வாக்குத்தானுங்களா?"

"பின்ன?" சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நடுவுல மனுசங்க கை வச்சாலுமா?"

பிசைவது நின்றது. "எந்த மனுசங்க?"

"நான் பொதுவாச் சொல்றேனுங்க."

"நானும் பொதுவாத்தான் கேக்கறேன். பொட்டலம் கட்டறவங்களே தப்பாக் கட்டியிருந்தா அது வாக்கா?"

ரசத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன். இலையை விட்டு ஓடியது. ஆக, என் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். இரண்டும் சிவப்பு என்பது அவருக்குத் தெரியும். அவர் மாற்றினார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் இப்போது தெரியும். யார் முதலில் வாயைத் திறந்தாலும் இரண்டு பேருமே அம்மன் முன்னால் குற்றவாளி.

"மோர் ஊத்தட்டுங்களா?"

"ஊத்து."

இவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மார்கழியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போதிருந்து மாத்திரை கொடுப்பது அவர் இலாகா. அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, டிவியில் யாராவது அழுதால்கூடச் சேனலை மாற்றினார். தை முடியும் வரை மிருதுளாவின் போனைக்கூட அவரேதான் எடுத்துப் பேசிவிட்டு, நன்றாக இருக்கிறாள் என்று சொல்வார். அந்தப் பாசத்தையெல்லாம் நினைத்து இன்றைக்கு மட்டும் மன்னித்திருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

மூன்று ஜாக்கெட், ஒரு பாவாடை ஜிப். கரண்ட் இல்லை. மனசும் இல்லை.

ஜூன் 28, சனி

மிருதுளா போன் செய்தாள். நான் முந்திக்கொண்டு எடுத்தேன், வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, லண்டன் போனா இன்டர்வியூக்கெல்லாம் கோட்டு போடணும். கடையில எடுத்தா தோள் எனக்குத் தொங்குது. நீ தச்சுத் தரயா?"

"நான் ஜாக்கெட்டுக்காரிடி. கோட்டுத் தச்சா பேங்க் வாசல்ல துப்பாக்கியோட நிக்கறவங்க மாதிரி இருப்ப."

"பரவால்ல. உள்ள விட்டாச் சரி."

அளவு எடுக்கச் சொன்னேன். கேமரா முன்னால் நின்று நாடாவைத் தோளில் வைத்தாள். தப்பாகப் பிடித்தாள். "கழுத்து எலும்புக்கு இக்கட்ட புடி, அக்கட்ட இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு துணிகூட வெளியில் தைக்கக் கொடுத்ததில்லை. அளவை நானே எடுக்காமல் கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. தோள் போன வருடத்தைவிட இறங்கியிருந்தது.

"இளைச்சுட்ட."

"வீட்டு நெனப்பும்மா" என்றாள். பிறகு, "இங்க ரயிலு ஏறி எறங்கி, சுரங்கப் படி நூறு படி ஏறணும். அதுல இளைச்சது" என்றாள்.

"மெல்போர்ன்ல சுரங்க ரயிலா? நீ டிராம்ல போறதா இல்ல சொல்லுவ?"

"அது... லண்டன்ல இருக்குமாம்மா. அங்க போனா இன்னும் இளைப்பேன்னு சொன்னேன்."

போவதற்கு முன்னாலேயே இளைத்துக் காட்டுகிறாள். எல்லாம் முன்கூட்டித் திட்டமிடுகிற பிள்ளை. அது என் ரத்தம்.

"நீ வேண்டாம்னா போகலம்மா" என்றாள் கடைசியில். குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. "நெஜமாத்தான். யோசிச்சு நீயே சொல்லு."

ஜூலை 1, செவ்வாய்

கருநீலத் துணி வாங்கி வந்து மேசையில் விரித்தேன். சாக்பீஸில் வரைந்தேன். வெட்டவில்லை. வெட்டினால் சரி என்று சொன்ன மாதிரி.

மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நங்கைக்குப் பயந்துகொண்டு மகள் லண்டன் போகக் கூடாது என்றேனா? இல்லை. இதில் அப்படி எழுதிவிட்டதால் திருத்திச் சொல்கிறேன், நங்கை ஒரு சாக்கு. மெல்போர்ன் என்றால் படிப்பு முடிந்ததும் திரும்பி வருவாள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். லண்டன் என்றால் வேலை. வேலை என்றால் வீடு. வீடு என்றால் நான் விருந்தாளி. லீவுக்கு வந்தவளுக்குத் துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்து, "எப்பக் கண்ணு கெளம்பற" என்று கேட்க வேண்டும்.

நிற்க. இது சோகமாகப் போகிறது, கொட்டாவி வருகிறது.

பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கத்தரியை எடுத்து வெட்டிவிட்டேன். நங்கை ஜாக்கெட்டுக்கு விட்டதைப் போல அக்குளில் தாராளமாக. லண்டனில் கையைத் தூக்கினால் கிழியக் கூடாது.

ஜூலை 4, வெள்ளி

உத்தரவு கொடுத்துவிட்டேன். கொஞ்சம் தடபுடலாகவே கொடுத்தேன், ஒரே மகள். அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, விளக்குக்கு முன்னால் போனை நிறுத்தி, வீட்டுக்காரரை வேட்டி மாற்றிக்கொண்டு வரச் சொல்லி, "போயிட்டு வா சாமி, லண்டன்ல நல்லாப் படி" என்று திருநீறை எடுத்துக் கேமராவில் பூசினேன். கண்ணாடி முழுக்கத் திருநீறு. மகள் தெரியவில்லை, அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சாரிம்மா" என்றாள்.

"எதுக்குடி சாரி?"

"சும்மா."

வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்தார். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சில் விளக்கு அணையப் பார்த்தது. நான் இல்லாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது என்பது எல்லாருக்கும் ஒரு தடவை புரிந்தால் சரி.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நங்கைக்கு நானே போன் செய்து சொன்னேன். "செப்டம்பர்ல லண்டன் போறா, நவநீதனைப் பாத்துக்கச் சொல்லுங்க நங்கை." எதிர்முனையில் நங்கை எழுந்து நின்றே கேட்டிருப்பார். "அதெல்லாம் அவன் பாத்துக்குவான். ஜாக்கெட்டு நல்லா வந்துச்சு ருக்குமணி" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

ஜூலை 11, வெள்ளி

நவநீதன் வந்திருக்கிறான், நண்பன் கல்யாணத்துக்கு. பையன் பழைய மாதிரியே, காலைத் தொட்டுக் கும்பிட்டான். தங்கம் என்று எழுதினேன், அதில் மாற்றமில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னேன். அரிசிம்பருப்புச் சோறு, நெய், அப்பளம். கோட்டை மடித்துப் பையில் வைத்து முன்னால் நீட்டினேன். கொஞ்சம் காவலாளி மாதிரித்தான் வந்திருக்கிறது, ஆனால் நல்ல பேங்க் காவலாளி.

"செப்டம்பர்ல மிருது லண்டன் வந்து எறங்குனதும் இதைக் கொடுத்துப்போடு கண்ணு. புது ஊரு, ஒண்ணும் தெரியாது. நீதான் வழி காட்டோணும்."

நவநீதன் பையை வாங்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தான். வீட்டுக்காரர் எழுந்து, மோட்டார் போட்டேனா தெரியவில்லை என்று கொல்லைப்பக்கம் போனார். எங்கள் வீட்டு மோட்டார் தானாகவே நிற்கிற வகை.

"சாப்புடு கண்ணு, ஏன் பாத்துக்கிட்டு இருக்கற? உப்பு இருக்குதா?"

"பிரமாதமா இருக்குதுங்கத்தை" என்றான் அவசரமாக, பேச்சை மாற்றக் கிடைத்த நிம்மதியில். "மிருதுவும் இதே மாதிரிதான் செய்யறா. பொங்கலன்னைக்கு அவ ரூம்லதான் சாப்பிட்டேன். நெய்தான் கொஞ்சம் பத்தலை."

நவநீதன் இதுவரை ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை.